எடைமேடை உறைகிறது, கவுண்டர் கத்துகிறது: ஒரே பூட்டின் இரண்டு முகம்

வாசகர் கேள்வி: சிலிம் ரிவர் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் ஒன்றில் கிராணியாக இருக்கிறேன். எடைமேடைக்கு ஒன்று, பணப் பட்டுவாடா கவுண்டருக்கு ஒன்று என்று பைத்தானில் நாங்களே எழுதிய இரண்டு புரோகிராம்கள் ஒரே கணினியில், ஒரே எஸ்கியூலைட் (முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக இருக்கும் மென்பொருள்) கோப்பில் ஓடுகின்றன. முதலாளி தன் லேப்டாப்பில் ஷேர் ஃபோல்டர் வழியாக அதே கோப்பைத் திறந்து அறிக்கை பார்ப்பார். சாயங்காலம் லோரிகள் கூடும் நேரத்தில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று வருகிறது. காத்திருப்பு நேரத்தை 30 வினாடியாக ஏற்றிவிட்டேன். அப்படியும் கவுண்டரில் பிழை ஒரு வினாடிகூட நிற்காமல் பட்டென்று வருகிறது. எடைமேடையோ முழு 30 வினாடி உறைந்து நின்று, பிறகு அதே பிழையைக் காட்டுகிறது. வேறு தரவுத்தளங்களில், ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனுக்கே தனியாக நேர வரம்பு வைக்கலாமாமே, எஸ்கியூலைட்டில் அது உண்டா? எத்தனை வினாடி வைத்தால் சரி? இரண்டு புரோகிராம்களின் பகுதிகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். நீங்கள் இரண்டு கோளாறு என்று எழுதியிருப்பது உண்மையில் ஒன்றுதான். கவுண்டரில் பட்டென்று வரும் பிழைதான் எடைமேடையை 30 வினாடி கட்டிப்போடுகிறது. எண்ணை 60 ஆக்கினால் 60 வினாடி உறையும், அவ்வளவே.

முதலில் அந்த எண் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்ப்போம். எஸ்கியூலைட்டின் ‘பிஸி டைம்அவுட்’ என்பது, பூட்டு கிடைக்காதவர் எவ்வளவு நேரம் வாசலில் நிற்கலாம் என்பதற்கான வரம்பு. பூட்டை வைத்திருப்பவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. உள்ளே இருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாலும் எஸ்கியூலைட் அவரை வெளியே தள்ளாது. காத்திருப்பிலும் வரிசை கிடையாது. உங்கள் ரேம்ப்பில் முதலில் வந்த லோரிதான் முதலில் மேடை ஏறும். இங்கே அப்படி இல்லை. காத்திருக்கும் இணைப்பு கொஞ்சம் தூங்கி, எழுந்து, கதவைத் தட்டிப் பார்க்கிறது. தூக்கம் முதலில் 1 மில்லிசெக்கண்டு, அடுத்து 2, 5, 10 என்று கூடி, கடைசியில் 100 மில்லிசெக்கண்டில் நிலைக்கிறது. இது தூங்கும் நேரத்தில் இன்னொருவர் புகுந்துவிட்டால் புகுந்ததுதான்.

இனி உங்கள் கவுண்டர் புரோகிராம். அது செய்வது இது: ‘பிகின்’ போட்டுத் தொடங்குகிறது. கடைசி வவுச்சர் எண்ணை ‘செலக்ட்’ செய்து படிக்கிறது. ஒன்று கூட்டி, புது வவுச்சரை ‘இன்சர்ட்’ செய்து எழுதுகிறது. பிறகு ‘காமிட்’, அதாவது எழுதியதை உறுதிசெய்து முடிப்பது. எடைமேடையும் சீட்டு எண்ணுக்கு இதையேதான் செய்கிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் வெறும் ‘பிகின்’ என்ற சொல்லில். அது போட்டவுடன் எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. ‘செலக்ட்’ வரும்போது படிக்கும் பூட்டை எடுக்கிறது, ‘இன்சர்ட்’ வரும்போது அதை எழுதும் பூட்டாக உயர்த்தப் பார்க்கிறது.

சாயங்கால நெரிசலில் நடப்பதைப் பாருங்கள். எடைமேடையும் கவுண்டரும் ஒரே நொடியில் ‘செலக்ட்’ செய்கின்றன. இருவர் கையிலும் படிக்கும் பூட்டு. எடைமேடை முந்திக்கொண்டு எழுதும் உரிமையைப் பிடித்துவிடுகிறது. அடுத்து கவுண்டர் அதே உரிமையைக் கேட்கிறது. இங்கே இருவரையும் காத்திருக்கச் சொன்னால் இருவருமே நகரமாட்டார்கள். எடைமேடை எழுதி முடிக்கக் கவுண்டர் படிக்கும் பூட்டை விட வேண்டும்; கவுண்டரோ எடைமேடை முடிப்பதற்காகக் காத்திருக்கும். இந்த முட்டுக்கட்டையைத் தவிர்க்க, ஏற்கனவே படிக்கும் பூட்டை வைத்துக்கொண்டு எழுதக் கேட்பவரை எஸ்கியூலைட் காக்கவே வைப்பதில்லை, உடனே ‘பிஸி’ சொல்லிவிடுகிறது. 30 வினாடி வைத்தாலும் 300 வைத்தாலும் இந்த இடத்தில் அந்த எண்ணை அது தொடுவதே இல்லை. கவுண்டரின் பட்டென்ற பிழை இதுதான்.

அந்தப் பிழை வந்ததும் உங்கள் கவுண்டர் புரோகிராம் என்ன செய்கிறது? ஒரு செய்திப் பெட்டியைத் திறந்து ‘ஓகே’ அழுத்தக் காத்திருக்கிறது. தொடங்கியதை ரத்து செய்து பூட்டை விடும் ‘ரோல்பேக்’ அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது பெட்டி திரையில் இருக்கும் வரை படிக்கும் பூட்டும் அதன் கையிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் பழக்காரரோடு பேசிக்கொண்டிருக்கலாம். அந்த நேரம் முழுதும் எடைமேடை ‘காமிட்’ வாசலில் நிற்கிறது. அங்கே நிற்கும்போது புதிதாகப் படிக்க வருபவர்களையும் அது உள்ளே விடாது, அதனால் முதலாளியின் அறிக்கையும் சேர்ந்து உறையும். 30 வினாடி கழிந்ததும் எடைமேடையும் கைவிடுகிறது. மேடையில் லோரி, பின்னால் ஆறேழு லோரி, காரணம் கவுண்டர் திரையில் யாரும் மூடாத ஒரு சின்னப் பெட்டி.

திருத்தம் மூன்று இடத்தில். எழுதப்போகும் எந்த டிரான்சாக்‌ஷனும் ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்கட்டும். அது எழுதும் உரிமையை வாசலிலேயே கேட்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல் கேட்பதால் நியாயமாகக் காத்திருக்கும், உங்கள் டைம்அவுட் எண் அங்கேதான் வேலை செய்யும். உள்ளே போன பிறகு ‘செலக்ட்’, ‘இன்சர்ட்’ எதிலும் இந்தப் பிழை தலைகாட்டாது. ஒரே எண் இரண்டு முறை போகும் அபாயமும் இதில் இல்லை. ஆனாலும் சீட்டு எண், வவுச்சர் எண் இரண்டுக்கும் ‘யூனிக்’ கட்டுப்பாடு போட்டுவையுங்கள், அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

பைத்தானில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் எஸ்கியூலைட் தொகுதி, நீங்கள் கேட்காமலேயே ‘இன்சர்ட்’, ‘அப்டேட்’ முன்னால் தானாக ஒரு வெறும் ‘பிகின்’ போடும் பழக்கம் உள்ளது. இணைப்பைத் திறக்கும்போது ‘ஐசொலேஷன்_லெவல்’ என்பதை ‘நன்’ என்று கொடுத்தால் அந்தப் பழக்கம் நிற்கும். பிறகு ‘பிகின் இம்மீடியட்’, ‘காமிட்’, ‘ரோல்பேக்’ மூன்றையும் நீங்களே எழுதுங்கள்.

இரண்டாவது திருத்தம், பிழை வந்தால் முதல் வேலை ‘ரோல்பேக்’, செய்திப் பெட்டி அதற்குப் பிறகு. பைத்தானின் ‘வித்’ கட்டம் பயன்படுத்தினால், பிழையோடு கட்டத்தை விட்டு வெளியேறும்போதுதான் ரோல்பேக் நடக்கும். பெட்டியைக் கட்டத்துக்கு உள்ளேயே திறந்தால் பழைய கதைதான்.

மூன்றாவது, கவுண்டர் புரோகிராமின் மாத முடிவுப் பகுதி. பாக்கிப் பட்டியலை ‘செலக்ட்’ செய்து, ஒவ்வொரு வரியாக எடுத்து, அதே சுற்றுக்குள் ‘அப்டேட்’ செய்து, வவுச்சரையும் அச்சடிக்கிறீர்கள். பட்டியல் முடியும் வரை அந்த ‘செலக்ட்’ திறந்தே இருக்கிறது, அதனால் படிக்கும் பூட்டும் கையிலேயே இருக்கிறது. பிரிண்டரில் தாள் சிக்கினால் தரவுத்தளமே சிக்கியது போல. ‘ஃபெட்ச்ஆல்’ கொண்டு பட்டியலை முதலில் முழுதாக நினைவகத்துக்கு எடுத்துவிடுங்கள். சில நூறு வரிகள் நினைவகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஒரு ‘பிகின் இம்மீடியட்’, எல்லா ‘அப்டேட்’டும், ஒரு ‘காமிட்’. அச்சு அதற்குப் பிறகு. வரிக்கு ஒரு காமிட் போடவும் வேண்டாம். ஒவ்வொரு காமிட்டும் வட்டில் உண்மையாகவே எழுதி முடியும் வரை நிற்கும். 7200 சுற்று வேகப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. அதில் வினாடிக்கு 60 காமிட் தேறினாலே அதிகம். 300 வவுச்சருக்குத் தனித்தனி காமிட் என்றால் 5 வினாடி. ஒரே டிரான்சாக்‌ஷனில் அது கண் சிமிட்டும் நேரம்.

எடைமேடைக்கும் இதே விதி. எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிப்பது, எண் நிலைப்பதற்காகக் காத்திருப்பது, லோரி எண் தட்டுவது எல்லாம் ‘பிகின்’ முன்னால். சீட்டு அச்சு ‘காமிட்’ பின்னால். டிரான்சாக்‌ஷனுக்குள் மனிதரும் இருக்கக் கூடாது, கேபிளும் இருக்கக் கூடாது.

இவற்றைச் செய்த பிறகு ஜர்னல் முறையை, அதாவது பாதியில் நின்றாலும் மீள்வதற்காக மாற்றங்களைத் தனிக் கோப்பில் குறித்துவைக்கும் முறையை, மாற்றுங்கள். ‘வால்’ (WAL) என்பது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி, பிறகு மூலக்கோப்பில் சேர்க்கும் முறை. ‘பிராக்மா ஜர்னல்_மோட் = வால்’ என்ற அமைப்புக் கட்டளையை ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும், அது கோப்பிலேயே பதிந்துவிடும். 2010இல் 3.7.0 பதிப்போடு வந்த இந்த முறையில் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. எழுதுபவர் மட்டும் எப்போதும் ஒருவர்தான். ஆனால் வால் முறைக்கு மாறிவிட்டால் ‘பிகின் இம்மீடியட்’ தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் ‘பிகின்’ போட்டுப் படித்துவிட்டு, இடையில் வேறொருவர் எழுதி முடித்த பிறகு நீங்கள் எழுதப் போனால், உங்கள் கையில் இருப்பது பழைய படம். அங்கேயும் காத்திருக்காமல் உடனே பிழை வரும். செய்தி வாசகம் அதே ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’தான், எண் மட்டும் வேறு. சாதாரண பிஸிக்கு 5, இந்தப் பழைய படக் கோளாறுக்கு 517. பைத்தான் 3.11 முதல் பிழைப் பொருளிலேயே ‘எஸ்கியூலைட்_எரர்கோட்’ என்று இந்த எண் வருகிறது, நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் அதையும் எழுதிவையுங்கள். 517 கண்ணில் பட்டால் டைம்அவுட்டைத் தொட வேண்டாம். எங்கோ ஒரு வெறும் ‘பிகின்’ பாக்கி இருக்கிறது.

வால் முறையில் சில நேரம் ஒரு காமிட் மட்டும் மற்றவற்றைவிட மெதுவாக முடியும். வால் கோப்பு 1000 பக்கத்தைத் தொட்டதும், அந்தக் காமிட்டைச் செய்தவர் தலையில்தான் அதை மூலக்கோப்பில் சேர்க்கும் வேலை விழுகிறது. பக்கம் 4096 பைட் என்றால் ஏறக்குறைய 4 மெகாபைட். அது கோளாறு அல்ல. யாராவது ஒரு ‘செலக்ட்’டை மணிக்கணக்கில் திறந்தே வைத்திருந்தால்தான் கோளாறு, வால் கோப்பு மீண்டும் முதலிலிருந்து எழுத முடியாமல் வளர்ந்துகொண்டே போகும்.

மின்வெட்டும் இடியும் உள்ள ஊர் என்பதால் ஒரு எச்சரிக்கை. எழுதியது வட்டில் பதிந்ததா என்று எவ்வளவு உறுதிசெய்வது என்பதற்கான ‘சிங்க்ரோனஸ்’ அமைப்பை ‘ஃபுல்’ என்றே விடுங்கள். வேகத்துக்காக ‘நார்மல்’ வைக்கச் சொல்வார்கள். வால் முறையில் அதனால் கோப்பு கெடாது என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் போன நொடிக்குச் சற்று முன் காமிட் ஆன பதிவுகள் காணாமல் போகலாம். அச்சடித்த சீட்டு பழக்காரர் கையில் இருக்கும், கணினியில் இருக்காது. அந்தத் தகராறை எந்த டைம்அவுட்டும் தீர்க்காது. இன்னொன்று: தரவுத்தளக் கோப்புக்குப் பக்கத்தில் ‘-வால்’, ‘-ஜர்னல்’ என்று முடியும் கோப்புகள் கிடக்கும். பூட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்து அவற்றை அழித்துவிடுபவர்கள் உண்டு. அவை பூட்டு அல்ல. ‘-வால்’ கோப்பில் காமிட் ஆகி இன்னும் மூலக்கோப்பில் சேராத சீட்டுகள் இருக்கும். பாதியில் நின்ற எழுத்தைத் திருப்பி எடுக்க வேண்டிய தகவல் ‘-ஜர்னல்’ கோப்பில் இருக்கும். பூட்டு என்பது இயங்குதளத்தின் கையில் உள்ளது, புரோகிராம் மூடினால் தானாகப் போய்விடும். எதையும் அழிக்காமல் புரோகிராமை மூடித் திறங்கள்.

இனி முதலாளியின் லேப்டாப். வால் முறை, கோப்பைத் திறக்கும் எல்லாரும் ஒரே கணினியில் இருந்தால்தான் வேலை செய்யும், ஏனென்றால் அவர்கள் பகிர்ந்துகொள்வது அந்தக் கணினியின் நினைவகத்தை. ஷேர் ஃபோல்டர் வழியாகத் திறந்தால் அது நடக்காது. பழைய ஜர்னல் முறையிலும், வலைவழிப் பூட்டுகளை நம்பி எடைக்கணக்கை வைப்பது சரியல்ல, இருவர் ஒரே நேரத்தில் எழுதிக் கோப்பு கெட்டுப்போகும் வழி அதுதான். முதலாளி படிக்க மட்டும்தான் செய்கிறார் என்றால் வழி எளிது. எடைமேடைக் கணினியில் ‘வேக்கம் இன்டு’ என்ற கட்டளையால் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று நகல் எடுத்து, அந்த நகலை ஷேர் ஃபோல்டரில் வையுங்கள். 2019இல் 3.27.0 பதிப்பில் வந்த வசதி இது. அந்தப் பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் மறுத்துவிடும், அதனால் பெயரில் தேதியும் நேரமும் சேருங்கள். வால் முறையில் நகல் ஓடும்போதும் எடைமேடை எழுதிக்கொண்டே இருக்கலாம். விண்டோஸில் கோப்பைப் பிடித்து இழுத்து நகல் எடுப்பதை நிறுத்துங்கள். அப்படி எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம்.

எத்தனை வினாடி என்று கேட்டீர்கள். எண்ணுக்கு முன்னால் அலகு. பைத்தானில் இணைப்பைத் திறக்கும்போது கொடுக்கும் ‘டைம்அவுட்’ வினாடியில், சும்மா விட்டால் 5. ‘பிராக்மா பிஸி_டைம்அவுட்’ மில்லிசெக்கண்டில். உங்கள் எடைமேடையில் பைத்தான் வழி 30 என்று இருக்கிறது, அது 30 வினாடி. கவுண்டரில் பிராக்மா வழியும் 30 என்றே எழுதியிருக்கிறீர்கள், அது 30 மில்லிசெக்கண்டு. கவுண்டரின் பிழைக்கு இது முதல் காரணம் அல்ல, ஆனால் ‘இம்மீடியட்’ போட்ட பிறகு இது உங்களைக் கடிக்கும். நேர் எதிராக, பைத்தானில் 5000 என்று எழுதினால் ஒரு மணி 23 நிமிடம் நிற்கும். இந்த அமைப்பு கோப்பில் பதிவதில்லை, ஒவ்வொரு இணைப்புக்கும் திறந்தவுடன் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணை ஊகிக்காமல் அளந்து வையுங்கள். ‘பிகின் இம்மீடியட்’ கேட்ட நேரம், கிடைத்த நேரம், ‘காமிட்’ முடிந்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் லாக் கோப்பில் எழுதுங்கள். அந்த வாரத்தில் சம்பள நாளோ மாத முடிவோ இருக்க வேண்டும். மிக நீண்ட எழுத்து எவ்வளவு என்று பாருங்கள். வரிசை இல்லாத காத்திருப்பு என்பதால் அதைப் போல 5 மடங்காவது டைம்அவுட் இருக்கட்டும். மிக நீண்ட எழுத்து ஒரு வினாடியைத் தாண்டினால் டைம்அவுட்டை ஏற்றாதீர்கள், அந்த டிரான்சாக்‌ஷனைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு பிரிண்டரோ, பெட்டியோ, இண்டெக்ஸ் இல்லாத அட்டவணையில் தேடலோ இருக்கும்.

உங்கள் அமைப்புக்குத் தொடக்க எண்களாக நான் வைப்பது இவை. எடைமேடைக்கு 2000 மில்லிசெக்கண்டு, தவறினால் இன்னும் இரண்டு முயற்சி, முயற்சிகளுக்கு நடுவே 100 முதல் 300 மில்லிசெக்கண்டு வரை தோராயமான இடைவெளி. இடைவெளி ஒரே அளவாக இருந்தால் மோதியவர்களே மீண்டும் மோதுவார்கள். ஒரேயடியாக 6 வினாடி நிறுத்துவதைவிட இது ஏன் மேல் என்றால், நடுவில் திரைக்கு உயிர் வருகிறது, ‘கவுண்டர் எழுதுகிறது, பொறுங்கள்’ என்று காட்ட முடிகிறது. திரை உறைந்தால் மேடையில் இருப்பவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்துவார். மூன்று முயற்சியும் தோற்றால் படித்த எடையைத் தனி உரைக் கோப்பில் எழுதிவிட்டுக் கைச்சீட்டு கொடுக்கலாம். மறுமுயற்சியில் டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள், ஆனால் எடையை மறுபடி படிக்காதீர்கள். அதற்குள் லோரி நகர்ந்திருக்கலாம். கவுண்டருக்கு 5000. இரவு வேலைகளுக்கு 20000 வைத்தாலும் யாருக்கும் நோகாது.

கடைசியாக டிரான்சாக்‌ஷனுக்கான நேர வரம்பு. எஸ்கியூலைட்டில் அப்படி ஓர் அமைப்பு கிடையாது. நீங்கள் கேள்விப்பட்டது பெர்க்லி டிபி போன்றவற்றில் இருப்பது. அதில் பூட்டுக்கு ஒன்று, டிரான்சாக்‌ஷனுக்கு ஒன்று என்று இரண்டு வரம்பு உண்டு. ‘டிபி_கான்ஃபிக்’ கோப்பில் ‘செட்_லாக்_டைம்அவுட்’, ‘செட்_டிஎக்ஸ்என்_டைம்அவுட்’ என்று எழுத வேண்டும், அலகு மைக்ரோசெக்கண்டு, 2 வினாடிக்கு 2000000. ஆனால் அங்கேயும் கடிகாரம் எப்போதும் பார்க்கப்படுவதில்லை. யாராவது பூட்டுக்காகத் தடைபடும்போதோ, முட்டுக்கட்டை கண்டுபிடிக்கும் சோதனை ஓடும்போதோதான் வரம்பு பார்க்கப்படுகிறது. அச்சுப்பொறிக்காக நிற்கும் புரோகிராமை அதுவும் பிடித்து வெளியே போடாது. இதற்காகத் தரவுத்தளம் மாற்ற வேண்டியதில்லை.

எஸ்கியூலைட்டில் இதை நீங்களே கட்டலாம். இணைப்பில் ‘செட்_புரோகிரஸ்_ஹேண்ட்லர்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு செயல்கூறையும் ஒரு எண்ணையும் கொடுக்கிறீர்கள், எண்ணுக்கு 10000 வையுங்கள். எஸ்கியூலைட் தன் உள் கட்டளைகளில் அத்தனை ஓடும்போதெல்லாம் உங்கள் செயல்கூறைக் கூப்பிடும். ‘பிகின்’ போட்ட நேரத்தை வைத்திருந்து, 3 வினாடி தாண்டியிருந்தால் அது 1 திருப்பட்டும், இல்லையென்றால் 0. ஒன்று வந்தால் ஓடும் கட்டளை அறுந்து ‘இன்டரப்டட்’ என்ற பிழை எழும். அறுந்தது ‘இன்சர்ட்’, ‘அப்டேட்’, ‘டிலீட்’ என்றால் டிரான்சாக்‌ஷன் முழுதும் தானாகவே ரோல்பேக் ஆகிவிடும், அதனால் ரோல்பேக் போடுமுன் ‘இன்_டிரான்சாக்‌ஷன்’ உண்மையா என்று பாருங்கள். நேரத்தை ‘மொனோடோனிக்’ கடிகாரத்தில் அளக்க வேண்டும். சாதாரணக் கடிகாரத்தை இணையம் திருத்தினால் கணக்கு பிசகும்.

இந்தக் கூப்பாடு கட்டளை ஓடும்போது மட்டுமே நடக்கும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே புரோகிராம் சும்மா நின்றால் கூப்பிட ஆளில்லை. அதற்கு, எழுதும் டிரான்சாக்‌ஷன்கள் எல்லாம் ஒரே ஒரு செயல்கூறு வழியாகவே போகும்படி வையுங்கள். தேவையான மதிப்புகள் எல்லாம் முன்னதாகவே கைக்கு வந்திருக்க வேண்டும், உள்ளே எந்தத் திரையும் சாதனமும் கூடாது, வெளியேறும் எல்லா வழியிலும் காமிட்டோ ரோல்பேக்கோ நடந்திருக்க வேண்டும். முடிந்ததும் ஓடிய நேரம் 500 மில்லிசெக்கண்டைத் தாண்டியிருந்தால் எந்த வேலை என்று பெயரோடு லாக்கில் எழுதட்டும்.

மாற்றும் வரிசை: இன்றே கவுண்டரில் ரோல்பேக்கைச் செய்திப் பெட்டிக்கு முன்னால் நகர்த்துங்கள், அது ஒரு வரி வேலை, 30 வினாடி உறைவு அதிலேயே பெரும்பாலும் போய்விடும். அடுத்து ‘பிகின் இம்மீடியட்’, அதோடு கவுண்டரின் 30ஐ 5000 ஆக்குவது. லேப்டாப்பை நகலுக்கு மாற்றிய பிறகுதான் வால் முறை, அதற்கு முன்னால் வேண்டாம். வால் முறைக்கு மாற்றும்போது இரண்டு புரோகிராம்களும் மூடியிருக்க வேண்டும், அந்த நேரம் யாராவது படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருந்தால் அந்த பிராக்மாவுக்கே ‘லாக்டு’ என்றுதான் பதில் வரும்.